நாற்காலிக்குப் போட்ட கோடி

தமிழ்வேந்தன் செத்துப்போன சேதியை அவன் மனைவிக்கு யார் சொல்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாயிற்று. பலமனேரில் இருக்கிற மச்சானுக்கும் சொல்லியாயிற்று. குவைத்தில் இருக்கிற துர்காதேவிக்கு மட்டும், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள்.

திருப்பதியிலிருந்து நகரிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அலர்மேல்மங்கைக்கு, புத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோதுதான் அது உறைத்தது. செத்தவன் அவளுக்கு ஒரே அண்ணன். விடியற்காலை ஷிப்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தறி ஷெட் முதலாளி தன் காரிலேயே போட்டுக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பினார். புத்தூர் தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது, வண்டியைத் திருப்பிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கொண்டு நின்ற மங்கைக்கு, "நீ இங்க வந்துடும்மா" என்று மட்டும் போன் வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பூட்டின கடையின் படியில் உட்கார்ந்து அண்ணியைக் கூப்பிட்டாள். வீடியோ போடவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்கிற தெம்பு அவளுக்கு இல்லை. கேட்கிறவளும் தன் முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே என்று தோன்றியது.

சொன்னாள். அந்தப் பக்கம் பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

"ராத்திரி துன்னாரா?" என்று கேட்டாள் துர்காதேவி.

"தெரியலண்ணி."

துர்காதேவி குவைத்துக்குப் போய் ஆறு வருஷம். முதலில் போகவேண்டியவன் தமிழ்வேந்தன்தான். சொந்தத்தில் நாலு பவர்லூம் போட்டு ஓட்டினவன். மில் துணி வந்து குவிந்ததும், கரண்ட் பில் ஏறினதும், நூல் விலை ஒரு நாள் போல் இன்னொரு நாள் இல்லாமல் போனதும் சேர்ந்து அவனை அடித்தன. தறிகளைப் பழைய இரும்பு எடைக்குப் போட்டுவிட்டு, இன்னொருவர் ஷெட்டுக்குக் கூலிக்குப் போனான். ஏஜெண்டைப் பிடித்து விசாவுக்கு எல்லாம் ஆன பிறகு, நுரையீரலில் ஏதோ பழைய தழும்பு இருக்கிறதென்று மெடிக்கலில் தள்ளிவிட்டார்கள். குழந்தை குட்டி இல்லை. நான் போறேன் என்று அவள் கிளம்பினாள். ஒரு பெரிய வீட்டில் சமையல். தினமும் ராத்திரி இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். அவன் இங்கே தட்டை வைத்துக்கொண்டு உட்காருவான், அவள் அங்கே கால் நீட்டி உட்காருவாள். ஊரில் அது கேலியாகக்கூட இருந்தது.

இப்போது வர முடியுமா என்று மங்கை கேட்டாள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை நாள். மகன்களும் மருமகள்களும் பேரன் பேத்திகளும் மதியச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டில் கூடுகிற நாள். அவள் மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்சம் அழுதாளாம். விருந்து முடிந்ததும் நீ போய்ப் படுத்துக்கொள், இன்றைக்கு வேறு வேலை செய்ய வேண்டாம், டிக்கெட் விஷயம் பெரியவர் வந்ததும் பேசலாம் என்றாளாம். அதையும் துர்காதேவி குறையாகச் சொல்லவில்லை.

நகரி வீட்டில் எல்லாவற்றையும் கன்னையா பெரியப்பா கையில் எடுத்திருந்தார். ஒரு நாள் வைத்திருக்கலாமா என்று மங்கை கேட்டதும் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "நாளைக்கு இன்னா கெழமை? சனிப் பொணம் தனிப் போவாது. ஊர்ல இன்னொருத்தன எடுத்துக்கினு போறதுக்கா வெச்சிக்கினு இருக்கறது? பொழுது சாய்றதுக்குள்ள எடுத்துடணும்." யாரும் மறுத்துப் பேசவில்லை. துர்காதேவியும் மறுக்கவில்லை. "எனக்காக வெக்க வாணாம் மங்கை. ஆனா நான் அங்க இருக்கணும். எங்கயாவது ஒரு ஓரமா என்ன வெச்சிடு" என்று மட்டும் சொன்னாள்.

ஓரமாக வைக்க மங்கைக்கு மனசு வரவில்லை. பொண்டாட்டி உட்காருகிற இடம் புருஷன் தலைமாடு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் போட்டாள். தன் போனை அதன் முதுகில் சணல் கயிற்றால் கட்டினாள். சார்ஜர் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, யாரும் மிதிக்காமல் மேலே செங்கல் வைத்தாள். கன்னையா பார்த்துக்கொண்டே இருந்தார். "இது இன்னா கல்யாணமா, வீடியோ புடிக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பந்தல்காரனிடம் போய்விட்டார்.

போனில் துர்காதேவி தெரிந்தாள். அங்கே எதன் மேலோ சாய்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. பாதி முகமும், ஒரு தோளும், வெங்காயம் அரிகிற கைகளும்தான் தெரிந்தன. வெங்காயம் நிறைய இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கு அங்கே யாருக்கும் அவள் காரணம் சொல்லத் தேவையில்லை.

வந்தவர்களுக்கு அந்த நாற்காலியை என்ன செய்வதென்று தெரியவில்லை. மங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், கன்னையாவின் மனைவி செங்கம்மா பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் போனில் தங்கள் முகம் தெரிகிறதைப் பார்த்துத் தலையை ஒதுக்கிக்கொண்டார்கள். பொன்னியம்மாள் என்ற தூரத்து உறவுக்காரி கிட்டே குனிந்து, "துர்கா, கேக்குதா? கேக்குதா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள், கேட்கிறது என்று அவள் சொன்ன பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் எழுந்துபோனாள். ஷெட்டில் கூட வேலை செய்கிற ஒருவன் நல்ல மனசோடுதான் வந்தான். அழுதான். அழுது முடித்து, தன் தம்பிக்கு அந்த ஊரில் டிரைவர் வேலை கிடைக்குமா என்று கேட்டான்.

மங்கை திருப்பதியில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் வேலை பார்ப்பவள். வருகிறவனை எங்கே உட்காரவைப்பது, என்ன கேட்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு வேலையாகவே பழகிப்போனது. அதனால் வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். வருகிறவர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: அண்ணி அங்க இருக்காங்க, போட்டோன்னு நெனச்சிடாதீங்க. முன்னால உக்காந்து பேரைச் சொல்லி, உங்களுக்கு இருக்கறதைச் சொல்லுங்க. எதுவும் கேக்காதீங்க, அவங்களால பதில் சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து யாரும் இந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம், கூப்பிட்டால் அண்ணி போயிடுவாங்க. கிழவிகள் கூடப் புரிந்துகொண்டார்கள். ஒருத்தி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மாரடித்து அழுதாள். துர்காதேவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். மேளச் சத்தம் ஏறினதும் அவளுக்கு எதுவும் கேட்காமல் போயிற்று. உதட்டசைவு மட்டும் இரண்டு பக்கமும்.

வாய்க்கரிசி போடும்போது மங்கை இரண்டு பிடி போட்டாள். ஒன்று தனக்கு, ஒன்று அண்ணிக்கு. யாரும் கேட்கவில்லை.

மேளக்காரர்கள் டீ குடிக்கப் போன இடைவெளியில்தான் அது நடந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். நாற்காலியில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. செங்கம்மா சொன்னாள்: "ஆறு வருசமா தானே ஆக்கி தானே துன்னுக்கினு கெடந்தான். இங்க ஒருத்தன் சோத்துக்கு ஏங்கறான், அங்க எவனுக்கோ ஆக்கிப் போட்டுக்கினு இருக்கறா. பொண்டாட்டி இருந்திருந்தா ராத்திரியே தெரிஞ்சிருக்கும் நெஞ்சு வலின்னு." இன்னொருத்தி ஆமாம் என்றாள். மங்கை நிமிர்ந்து போனைப் பார்த்தாள். துர்காதேவியின் கைகள் வெங்காயத்தின் மேல் அப்படியே நின்றிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அரிய ஆரம்பித்தன.

பேச்சை நிறுத்தச் சொல்வதா, போனின் சத்தத்தை அடைத்துவிடுவதா என்று மங்கைக்குத் தெரியவில்லை. அடைத்தால், மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அவள் எழுந்துபோய் நாற்காலிக்கும் பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

துர்காதேவியின் அண்ணன் நாகையா, பலமனேரிலிருந்து கோடியோடு வந்து சேர்ந்தான். புருஷன் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்துகிற புதுச்சேலை. வெளிர் பச்சையில் ஒரு நூல் சேலை. மஞ்சள் பையோடு வாசலில் நின்று, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் விழித்தான். அவள் வந்த பிறகு போடலாம் என்றார்கள் சிலர். எடுப்பதற்கு முன்னால் போட வேண்டியது, பிறகு போட்டால் அது கோடியா என்றார்கள் சிலர். கன்னையா உள்ளே வந்தார். "அவ இங்கதான் இருக்கறான்னு காலையிலிருந்து சொல்லிக்கினு இருக்கறீங்களே. அப்ப போடு" என்று நாற்காலியைக் காட்டினார்.

நாகையா சேலையைப் பிரித்து நாற்காலியின் மேல் போர்த்தினான். முதுகும் கைகளும் கட்டியிருந்த போனும் எல்லாம் சேலைக்குள் போயின. பெண்கள் ஓவென்று எழுப்பிய அழுகையின் நடுவில், துணிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மங்கை, ஒண்ணும் தெரியல. இருட்டா இருக்குது. அவரு தெரியல."

மங்கை சேலையைப் பிடித்தாள். செங்கம்மா அவள் மணிக்கட்டைப் பற்றினாள். போட்ட கோடியைத் தாலி இருக்கிறவள் தொடக்கூடாது. மங்கைக்கும் அது தெரியும். அவள் புருஷன் ரமணா அன்று காலையும் திருமலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு போயிருந்தான், மலைப்பாதையில். அந்த நினைப்பு ஒரு கணம் கையைத் தளர்த்தியது. உள்ளே குரல் மறுபடி, "மங்கை" என்றது.

இழுத்துவிட்டாள். இழுத்த சேலையைத் தரையில் போடவும் முடியவில்லை, யாரும் கை நீட்டி வாங்கவும் இல்லை. தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள். அழுகை நின்றது.

செங்கம்மா நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கோபத்தைவிட பயம்தான் இருந்தது. "துர்கா, முறைன்னு ஒண்ணு இருக்குதும்மா. அங்கயே பொட்டை அழிச்சிடு. தாலியக் கழட்டு. நாங்க நாலு பேர் பாத்தாப் போதும்."

துர்காதேவி போனைக் கையில் எடுத்தாள். முதல் தடவையாக முழு முகமும் தெரிந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லை. கழுத்தும் வெறும் கழுத்து.

"இங்க அதெல்லாம் போட்டுக்க உடமாட்டாங்க அத்தை. வந்த அன்னிக்கே கழட்டிப் பெட்டியில வெச்சிட்டேன். அவருக்குத் தெரியும். அவருதான் சரின்னாரு."

பிறகு பின்னாலிருந்து ஒரு பெண்குரல், ரொம்ப மெதுவாக, "அதான் அவன எடுத்துக்கிச்சு" என்றது. யார் சொன்னது என்று மங்கை திரும்பிப் பார்க்கும்போது எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. துர்காதேவிக்கு அது கேட்டது. அவள் முகம் மாறியதை மங்கை பார்த்தாள். அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது அங்கே யாரோ கூப்பிட்டார்கள். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். "வந்துடறேன். எடுத்துடாதீங்க, வந்துடறேன்" என்று சொல்லி, போனை எங்கோ மல்லாத்தி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் போனில் தெரிந்தது சமையலறைக் கூரையும் சுற்றுகிற எக்சாஸ்ட் ஃபேனும்தான்.

மேளம் மறுபடி தொடங்கியது. பாடை வாசலுக்கு வந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று மங்கை சொல்லிப் பார்த்தாள். எமகண்டம் பிறப்பதற்குள் வாசலைத் தாண்ட வேண்டும் என்றார் கன்னையா. அஞ்சு நிமிஷம் பெரியப்பா என்றாள். அவர் கோபப்படவில்லை. இறந்தவனுக்கு அவர் அப்பன் ஸ்தானத்தில் இருந்தவர்தான். காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்கவில்லை. "அங்க யாருமே இல்லயேம்மா, யாருக்கு நிக்கறது?" என்று போனைக் காட்டிக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள்.

மங்கை கயிற்றை அவிழ்த்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அந்தப் பக்கம் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அங்கே போனை நாகையாவிடம் கொடுத்து, ஆற்றங்கரை வரைக்கும் இப்படியே பிடி என்றாள். அவன் அப்படியே பிடித்தான். பிள்ளை இல்லாததால், பங்காளி வீட்டுப் பையன் சந்திரன் கொள்ளி வைத்தான். துர்காதேவி திரும்பி வந்து போனை எடுத்தபோது, ஆண்கள் மணலில் குந்தித் தலைமுழுக்குக்குக் காத்திருந்தார்கள். புகைதான் தெரிந்தது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும்மா என்றான் நாகையா.

கோடியைத் தொட்டவள் என்ற பேர் மங்கையோடு ஒட்டிக்கொண்டது. ரமணா ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா ஒரு வருஷத்துக்கு அவள் கையால் குங்குமம் வாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போன் வேண்டாம் என்று கன்னையா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி துர்காதேவி மங்கையைக் கூப்பிட்டாள். ஒன்றுதான் கேட்டாள்.

"நான் போன பிறகு, எனக்காவக் கொஞ்ச நேரம் வெச்சிருந்தாங்களா?"

"வெச்சிருந்தாங்கண்ணி" என்றாள் மங்கை. "பெரியப்பாதான் நிக்கச் சொன்னாரு. ரொம்ப நேரம் பாத்தோம். அப்பாலதான் எடுத்தாங்க."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இறங்குகிறது கேட்டது.

அந்த வருஷம் அவளால் வர முடியவில்லை. அடுத்த வருஷம் வருவதாக இருந்தபோது கொரோனா வந்து விமானங்கள் நின்றன. இரண்டாவது அலையில் செங்கம்மாவைத் திருப்பதிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாலாம் நாள் முடிந்துவிட்டது. உடலைத் தரமாட்டோம் என்றார்கள். கன்னையாவுக்கும் காய்ச்சல், நகரியில் தன் வீட்டில் தனியறையில் கிடந்தார். மங்கைதான் போனாள். சுடுகாட்டு கேட்டுக்கு வெளியே நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். உள்ளே வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். எது பெரியம்மா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வெள்ளைத் துணி மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மூன்றாவதுதான் என்று வாசல்காரன் சொன்னான்.

போனிலிருந்து கன்னையாவின் குரல் வந்தது. "மங்கை, கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டேன். கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா. போட்டுக்கினு வந்துடறேன்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது மூன்றாவது மூட்டைக்குத் தீ வைத்தாயிற்று. எரிகிறதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நீ வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கோ என்றார்.

அதற்கும் பிறகு, மழைக்காலம் பிறக்கும்போது துர்காதேவி வந்தாள். மெலிந்திருந்தாள். மங்கை அவளோடு நகரிக்கு வந்தாள். தமிழ்வேந்தன் வீடு பூட்டியே கிடந்ததால் முதலில் கன்னையா வீட்டுக்குப் போனார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மங்கிவிட்டிருந்தது. துர்காதேவி அவர் காலில் விழுந்தாள். எழுந்திருக்காமலே பேசினாள்.

"எல்லாரும் எடு எடுன்னு நிக்கும்போது எனக்காவ நீங்கதான் வெச்சிருந்தீங்கன்னு மங்கை சொல்லிச்சு மாமா. அது ஒண்ணுதான் எனக்கு. அத நெனச்சிக்கினுதான் அங்க இருந்தேன்."

கன்னையா மங்கையைப் பார்த்தார். மங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து துர்காதேவியின் தலையைத் தொட்டார்.

"வெச்சிருந்தோம்மா" என்றார். "நீ இல்லாம எப்பிடி எடுக்கறது?"

துர்காதேவி ஒரு மாதம் இருந்தாள். கதவைத் திறந்து வீட்டைக் கழுவிவிட்டாள். ஷெட்டிலிருந்து அவன் செருப்பையும் டிபன் டப்பாவையும் வாங்கிவந்தாள். விசா முடிவதற்குள் திரும்ப வேண்டியிருந்தது. மங்கைதான் சென்னைக்கு ஏற்றிவிட்டாள். தாலியை என்ன செய்தாள் என்று மங்கை கேட்கவில்லை. அது இருந்த பெட்டியை அவள் கொண்டுவந்திருக்கவில்லை.